கிறிஸ்தவக் கம்பர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை: பாவச் சுமையும் அருளின் விலையும்

தமிழ்க் காப்பிய மரபு ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய சொத்தன்று. சமணம் சீவக சிந்தாமணியைத் தந்தது. பௌத்தம் மணிமேகலையைத் தந்தது. உமறுப் புலவர் வழியாக இஸ்லாம் சீறாப்புராணத்தையும், வீரமாமுனிவர் வழியாகக் கத்தோலிக்கம் தேம்பாவணியையும் தந்தன. இவ்வரிசையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தது இரட்சணிய யாத்திரிகம். அதைப் பாடியவர் எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை. தமிழுலகம் அவருக்குக் கிறிஸ்தவக் கம்பர் என்று பெயர் சூட்டியிருக்கிறது.

இலக்கிய வரலாறு படித்த மாணவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. ஆனால், தேர்வுக்காகப் பெயரையும் நூலையும் ஆண்டையும் மனனம் செய்து விட்டு நகர்ந்து விடுகிறோம். அந்த மனிதரை ஆட்டிப் படைத்த கேள்வி என்ன என்று கேட்பதில்லை. பாவம் என்றால் என்ன? இறைவன் அருளாளன் என்றால் பாவத்தை ஏன் பெரிதுபடுத்த வேண்டும்? அருள் எல்லாவற்றையும் மன்னிக்கும் என்றால் பாவத்துக்கு என்ன பொருள் மிஞ்சும்? இக்கேள்விகளுக்கு அவர் தம் வாழ்க்கையாலும் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களாலும் விடை தேடினார். எந்தச் சமயத்தையும் உயர்த்துவதோ தாழ்த்துவதோ இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு தமிழ்ப் புலவரின் தேடலைப் புரிந்து கொள்வதே நோக்கம்.

வைணவக் குடும்பத்தில் பிறப்பு

திருநெல்வேலிச் சீமையில் கரையிருப்பு என்னும் ஊரில் 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் கிருஷ்ண பிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். பிள்ளைப் பருவத்திலேயே கம்பனின் சந்தமும் சொல்லடுக்கும் கிருஷ்ண பிள்ளையின் காதில் விழுந்தன. தமிழோடு வடமொழியும் பயின்றார்.

அவர் வளர்ந்த மண்ணின் சமயச் சூழலை இங்கே கருத வேண்டும். நம்மாழ்வார் பிறந்த திருக்குருகூர் தாமிரபரணிக் கரையிலேதான் இருக்கிறது. இறைவனின் அருளைப் பற்றி வைணவ ஆசிரியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதம் செய்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக் கொள்வது போல உயிரும் ஓரளவு முயல வேண்டும் என்றது வடகலை. பூனை தன் குட்டியை வாயால் கவ்விக் கொண்டு போவது போல இறைவனே உயிரைத் தூக்கிச் செல்வான் என்றது தென்கலை. பிள்ளை லோகாசாரியர் மரபில் வந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஈன்ற பசு கன்றின் மேலுள்ள அழுக்கை வெறுக்காமல் நாவால் நக்கி எடுப்பது போல, அடியவனின் குற்றத்தையும் இறைவன் அன்போடு ஏற்பான் என்பது அவர்கள் கொள்கை.

ஆகவே, கிருஷ்ண பிள்ளைக்கு அருள் என்னும் கருத்தைப் பாதிரிமார்கள் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அருளைப் பற்றி உலகில் மிக நுட்பமாகச் சிந்தித்த மரபுகளுள் ஒன்றிலிருந்து வந்தவர் அவர். இதை மறந்து விட்டால் அவருடைய வாழ்க்கையைத் தவறாகவே படிப்போம்.

சாயர்புரத்துத் தமிழாசிரியர்

1853இல் அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம் நேர்ந்தது. ஜி.யூ. போப் தொடங்கி வைத்த சாயர்புரம் கல்வி நிலையத்துக்குத் தமிழாசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். பின்னாளில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டுப் புகழ் பெற்ற கால்டுவெல்லே கிருஷ்ண பிள்ளையின் புலமையைச் சோதித்து அப்பணிக்குத் தேர்ந்தெடுத்தார். கிறிஸ்தவ மாணவர்களுக்குத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் வைணவ ஆசிரியராக அவர் அங்கே சேர்ந்தார்.

அப்போது அவருக்குக் கிறிஸ்தவத்தின் மீது ஈடுபாடு இருக்கவில்லை. தம் நெறியில் உறுதியாகவே இருந்தார். ஆனால், அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக மாறினார்கள். தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அவரைக் கிறிஸ்தவத்தின் பக்கம் ஈர்த்தவர்களில் முக்கியமானவர்கள். அவர்கள் தந்த நூல்களைப் படித்தார். புதிய ஏற்பாட்டைப் படித்தார். ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணம் அவர் கைக்கு வந்தது.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் சென்னை மயிலாப்பூரில் தூய தோமா ஆலயத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். ஆங்கிலப் பெயர் இரண்டு முன்னால் வந்து சேர்ந்தாலும் கிருஷ்ணன் என்னும் பெயரை அவர் விட்டுவிடவில்லை. வாழ்நாளின் இறுதி வரை அப்பெயரிலேயே எழுதினார்.

அக்காலத்தில் ஒரு வேளாளர் மதம் மாறுவது எளிய செய்தியன்று. உறவும் ஊரும் விலகும். குடும்பத்தில் சாவு விழுந்தது போன்ற துக்கம் சூழும். சொத்தும் சடங்கும் சார்ந்த உரிமைகள் கேள்விக்குள்ளாகும். கூலிக்கோ பதவிக்கோ மாறினார் என்று ஏசுவாரும் இருப்பர். சாயர்புரத்தில் ஆசிரியர் வேலை ஏற்கெனவே அவருக்கு இருந்தது. அதைப் பெறுவதற்கு அவர் சமயம் மாறத் தேவையிருக்கவில்லை. அப்படியானால் எது அவரை இழுத்தது?

குற்றம் வேறு, பாவம் வேறு

இக்கேள்விக்கு விடை காணுமுன் கிறிஸ்தவர்கள் பாவம் என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்த்து விடுவது நல்லது. தமிழில் குற்றம், பிழை, பழி, தீவினை, பாவம் எனச் சொற்கள் பல உள. அன்றாடப் பேச்சில் இவற்றைக் கலந்தே வழங்குகிறோம். ஆனால், குற்றம் என்பது சட்டத்தை மீறுதல். அதற்கு அளவு உண்டு. அளவுக்கேற்ற தண்டனை உண்டு. தண்டனை முடிந்தால் கணக்குத் தீர்ந்தது. தீவினை என்பது செயலுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பு. விதைத்ததை அறுத்தே ஆக வேண்டும்.

கிறிஸ்தவம் கூறும் பாவம் இவ்விரண்டிலும் அடங்காது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் பாவத்துக்கு வழங்கும் சொல்லுக்கு, எய்த அம்பு இலக்கைத் தவறுதல் என்பது அடிப்படைப் பொருள். மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டானோ அந்த இலக்கைத் தவறிய நிலையே பாவம். பொய், களவு, கொலை முதலியவை அந்நிலையில் காய்க்கும் காய்கள். வேர் அவற்றுக்குக் கீழே இருக்கிறது. இறைவனோடுள்ள உறவு முறிந்திருப்பதே அந்த வேர்.

நம் ஜோர்ஜ்டவுனிலேயே இதை விளக்க ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஃபார்குவார் வீதியில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் 1818இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டுப் பினாங்குக்கு வந்த கைதிகள். அவர்கள் நீதிமன்றத்தால் குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டவர்கள். அவர்கள் கட்டிய ஆலயத்துக்குள் வழிபட வந்தவர்கள் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும். ஆனால், ஆங்கிலிக்கன் சபையின் வழிபாட்டு முறைப்படி அந்த அதிகாரிகளும் முழந்தாளிட்டுத் தாங்கள் பாவிகள் என்று எல்லாரோடும் சேர்ந்து அறிக்கையிட வேண்டும். சட்டத்தின் கணக்கில் கைதி ஒரு பக்கம், தண்டித்தவன் மறுபக்கம். பாவத்தின் கணக்கில் இருவரும் ஒரே பக்கம்.

அந்த அறிக்கையில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. செய்யத் தகாததைச் செய்தது அங்கே இரண்டாவதாகத்தான் வருகிறது. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டது முதலில் வருகிறது. ஒருவனுக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு கடமை முடிந்து விடவில்லை. அவன் துயரத்தைக் கண்டும் காணாமல் போவதும் பாவமே. ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த கிருஷ்ண பிள்ளை, திருமுழுக்குக்குப் பின் தம் வாழ்நாள் முழுவதும் இந்த அறிக்கையைச் சொல்லி வந்தவர்.

பனியனின் பயணி

பனியன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு வட்டாரத்தில் பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்த்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காக 1660 முதல் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அவருடைய மோட்சப் பயணத்தின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது.

அக்கதையின் தொடக்கத்தில் ஒருவன் கையில் புத்தகத்தோடும் முதுகில் பெருஞ்சுமையோடும் நிற்கிறான். புத்தகத்தைப் படிக்கப் படிக்கத்தான் சுமையின் பாரம் அவனுக்குத் தெரிகிறது. வீட்டாருக்கும் அண்டை அயலாருக்கும் அது விளங்கவில்லை. உறங்கி எழுந்தால் சரியாகி விடும் என்கிறார்கள். அவன் அழிவின் நகரை விட்டு ஓடுகிறான். வழியில் உலக ஞானம் பேசும் ஒருவர் எதிர்ப்பட்டு, ஒழுக்கம் என்னும் ஊரில் சட்டமறிந்த பெரியவர் இருக்கிறார், அவர் சுமையை இறக்கி வைப்பார் என்று வழி காட்டுகிறார். அவ்வழியே போனால் மலையொன்று தலைமேல் விழுவது போல நிற்கிறது. சுமை முன்னிலும் கனக்கிறது. நல்லொழுக்கம் தீயதன்று, ஆனால், பழைய சுமையை இறக்கும் ஆற்றல் அதற்கில்லை என்பது பனியன் கருத்து.

பின்னர் ஒரு வீட்டில் பயணிக்குச் சில காட்சிகள் காட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்று நம் வீட்டுப் பெண்களுக்கு நன்கு தெரிந்த காட்சி. நெடுநாள் கூட்டாத அறை. ஒருவன் துடைப்பத்தால் பெருக்குகிறான். தூசி மேலே கிளம்பி மூச்சு முட்டுகிறது. பிறகு ஒரு பெண் தண்ணீர் தெளிக்கிறாள். தூசி அடங்குகிறது, அறை சுத்தமாகிறது. துடைப்பம் சட்டம், தண்ணீர் அருள். சட்டம் தூசியைக் கிளப்பிக் காட்டும். அருள் தெளித்தால்தான் அதை அள்ளி வெளியே போட முடியும். பாவத்தை அருளின் வெளிச்சத்தில் பார்ப்பது என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கு இதை விட எளிய விளக்கம் கிடைப்பது அரிது.

கடைசியில் பயணி சிலுவை நிற்கும் மேட்டுக்கு வருகிறான். அதைப் பார்த்த மாத்திரத்தில் சுமை தானே கழன்று உருண்டு கல்லறைக்குள் விழுந்து மறைகிறது.

காப்பியத்தில் கிருஷ்ண பிள்ளை சேர்த்தது

மதம் மாறிய பின் கிருஷ்ண பிள்ளை சென்னையில் தினவர்த்தமானி இதழின் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணியாற்றினார். பிறகு நெல்லைச் சீமைக்குத் திரும்பிச் சாயர்புரத்திலும் பாளையங்கோட்டையிலும் கற்பித்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் தமிழ் கற்பித்தார். இக்காலத்தில்தான் பனியனின் கதையைத் தமிழ்க் காப்பியமாக்கும் பணியை மேற்கொண்டார். நற்போதகம் என்னும் இதழில் பகுதி பகுதியாக வெளிவந்த அக்காப்பியம் 1894இல் நூலாயிற்று. அப்போது அவருக்கு வயது 67.

ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக நூல் அமைந்துள்ளது. பனியன் எழுதியது எளிய உரைநடைக் கதை. கிருஷ்ண பிள்ளை ஆக்கியது விருத்தப் பாக்களால் ஆன பெருங்காப்பியம். நாட்டையும் நகரையும் ஆற்றையும் சோலையையும் கம்பன் வழி நின்று பாடினார். இடையிடையே தேவாரம் என்னும் பெயரில் இசைப்பாடல்களையும் கோத்தார். சைவத் திருமுறையின் பெயரை வைணவத்தில் பிறந்த ஒரு கிறிஸ்தவர் எடுத்துக் கொண்டது தமிழில் மட்டுமே நடக்கக் கூடியது.

இவற்றை விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. பனியனின் நூலில் பயணி சிலுவையைப் பார்க்கிறான், சுமை விழுகிறது. சிலுவையில் நடந்தது என்ன என்று பனியன் விரித்துச் சொல்லவில்லை. அவருடைய வாசகர்கள் அதைச் சிறு வயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். கிருஷ்ண பிள்ளை அப்படி விட்டுவிடவில்லை. குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடினார். அவரைப் பிடித்துச் சென்றது, பழி சுமத்தியது, அவர் பதில் பேசாமல் நின்றது, அடிபட்டது, சிலுவையில் அறையுண்டது என எல்லாம் அங்கே வருகின்றன. இரட்சணிய யாத்திரிகத்தில் கற்றோர் நெஞ்சை மிகவும் உருக்கும் பகுதி இதுவே.

ஏன் இதைச் சேர்த்தார்? கிறிஸ்துவின் கதை தெரியாத தமிழ் வாசகருக்காக என்பது ஒரு விடை. ஆனால், அவருடைய தேடலுக்கான விடையும் இங்கேதான் கிடைக்கிறது என்று கருத இடமுண்டு. இறைவன் மன்னிக்கிறான் என்பதை அவருடைய வைணவம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. இறைவன் நீதியுள்ளவனாகவும் இருந்து கொண்டு எப்படி மன்னிக்கிறான் என்பதே அடுத்த கேள்வி. ஒரு நீதிபதி தன் மகன் மீதுள்ள அன்பினால் வழக்கைத் தள்ளுபடி செய்தால் பாதிக்கப்பட்டவனுக்கு என்ன நியாயம்? மன்னிப்பு என்பது கண்டும் காணாமல் இருப்பதா? கிறிஸ்தவம் கூறும் விடை, கடன் தள்ளுபடியாகவில்லை, கடன் கொடுத்தவரே அதைக் கட்டி விட்டார் என்பதாகும். நீதியும் தோற்கவில்லை, அன்பும் தோற்கவில்லை. குமார பருவம் முழுவதும் அந்த விலையைத்தான் பாடுகிறது.

அருளின் விலை தெரியும் போதுதான் பாவத்தின் எடை தெரிகிறது என்பது இக்காப்பியத்தின் அமைப்பே நமக்குச் சொல்லும் செய்தி. முதலில் பாவத்தை நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ற அருளை இறைவன் அளந்து தருகிறான் என்பதன்று. மருத்துவமனையில் பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்த பிறகுதான் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று பலருக்குத் தெரிய வருகிறது. அது போலவே இதுவும்.

சுமை விழுந்த பிறகு

அருள் பெருகும் என்றால் பாவத்திலேயே இருந்து விடலாமே என்ற வாதம் புதியதன்று. முதல் நூற்றாண்டிலேயே பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் இக்கேள்வியை எழுப்பி, கூடவே கூடாது என்று மறுத்திருக்கிறார். 20ஆம் நூற்றாண்டில் ஹிட்லரை எதிர்த்து 1945இல் தூக்கிலிடப்பட்ட ஜெர்மானியப் போதகர் போன்ஹோஃபர், மனந்திரும்புதல் இல்லாமல் மன்னிப்பை மட்டும் பெற நினைப்பதை மலிவான அருள் என்று கண்டித்தார்.

மோட்சப் பயணத்தில் சுமை விழுவது கதையின் முடிவன்று. தொடக்கத்துக்குச் சற்றுப் பின்னே அது நடந்து விடுகிறது. மலையேற்றமும் பள்ளத்தாக்கும் பேய்ப் போரும் மாயச் சந்தையும் சந்தேகக் கோட்டையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மன்னிக்கப்பட்டவனும் தவறுகிறான், வழி தப்புகிறான், சிறைப்படுகிறான். ஆனால், அந்தப் பழைய சுமை மீண்டும் அவன் முதுகில் ஏறுவதில்லை. பாவத்தின் தீர்ப்பு நீங்குவது வேறு, பாவத்தின் பிடி தளர்வது வேறு என்று கிறிஸ்தவர்கள் பிரித்துச் சொல்வது இதைத்தான். முன்னது ஒரு கணத்தில் நடப்பது. பின்னது ஆயுள் முழுவதும் நடப்பது.

பயணியின் தோழனுக்குக் கிருஷ்ண பிள்ளை நிதானி என்று பெயரிட்டார். நிதான பருவத்தின் பெயரே இவனை நினைவூட்டுகிறது. பனியனின் கதையில் இத்தோழன் ஒரு வாயாடியைச் சந்திக்கிறான். பாவத்தைக் கண்டித்து எவ்வளவு நேரமும் பேச வல்லவன் அந்த வாயாடி. பாவத்தைக் கண்டித்துப் பேசுவது வேறு, தன் பாவத்தை வெறுப்பது வேறு என்று தோழன் அவனுக்கு எடுத்துக் காட்டுகிறான். பின்னர் மாயச் சந்தையில் நியாயமற்ற விசாரணைக்கு ஆளாகித் தோழன் உயிர் துறக்கிறான். பேசியவன் பிழைத்துப் போக, பேசாமல் நடந்தவன் விலை கொடுக்கிறான். கதையின் கடைசியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. தான் நல்லவன், தனக்கு அருள் வேண்டியதில்லை என்னும் துணிவோடு வந்த ஒருவன் வான்நகரின் வாசல் வரை வந்து திருப்பி அனுப்பப்படுகிறான்.

இதிலிருந்து இரண்டு ஆபத்துகள் தெரிகின்றன. என் பாவம் மன்னிக்க முடியாதது என்று குமைவது ஒன்று. எனக்குப் பாவமே இல்லை என்று நிமிர்வது மற்றொன்று. முதலாவது அருளின் ஆற்றலைக் குறைக்கிறது. இரண்டாவது அருளின் தேவையை மறுக்கிறது. இரண்டும் தன்னையே பார்த்துக் கொண்டிருப்பதால் வருவன.

சபைகளிடையே வேறுபாடு

கிறிஸ்தவர் எல்லாரும் இதை ஒரே வகையாகச் சொல்வதில்லை. கத்தோலிக்கர் சாவான பாவம், அற்பப் பாவம் என்று பாகுபடுத்துவர். குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெறுவர். லூத்தர் வழி வந்தவர்கள், மன்னிக்கப்பட்டவன் ஒரே வேளையில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்பர். மெதடிஸ்டுகள் தூய வாழ்வில் வளர்வதை அழுத்திச் சொல்வர். இவ்வேறுபாடுகளால் ஐரோப்பாவில் போர்களே நடந்திருக்கின்றன. ஆயினும் 1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் தன் தகுதியால் அன்றி அருளால் மட்டுமே இறைவனால் ஏற்கப்படுகிறான் என்பதில் அடிப்படை உடன்பாடு உண்டு என்று அது அறிவித்தது. 2006இல் மெதடிஸ்டுகளின் உலக மன்றமும் அதில் இணைந்தது. நாலரை நூற்றாண்டுச் சண்டைக்குப் பிறகு வந்த உடன்பாடு அது.

கடைசி ஆண்டுகள்

காப்பியம் நூலான பின்பும் கிருஷ்ண பிள்ளை எழுதுவதை நிறுத்தவில்லை. 1884இலேயே போற்றித் திருஅகவல் பாடியிருந்தார். மாணிக்கவாசகரின் திருவாசகத்தை நினைவூட்டும் தலைப்பு அது. 1898இல் இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலையும், 1899இல் இரட்சணிய மனோகரம் என்னும் பக்திப் பாடல் தொகுப்பையும் வெளியிட்டார். சத்தாய் நிஷ்களமாய் என்று தொடங்கும் அவருடைய கீர்த்தனை இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படுகிறது. சைவ சித்தாந்தச் சொற்களால் இறைவனை அழைத்து, உன்னைத் தவிர எனக்குத் துணை யார் என்று உருகும் பாடல் அது. 1900ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அவர் காலமானார்.

அவருடைய வாழ்வைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். அவர் சமயத்தை மாற்றிக் கொண்டார். மொழியை மாற்றிக் கொள்ளவில்லை. ஆழ்வார்களிடமும் கம்பனிடமும் கற்ற பக்தியின் சொற்களையே எடுத்துப் புதிய பொருளைப் பாடினார். அந்நிய மதம் என்று கருதப்பட்ட ஒன்றைத் தமிழ்ச் செவிக்குப் பழகிய ஓசையில் தந்தார். அவர் கொள்கையை ஏற்காதவரும் அவர் தமிழை ஏற்றனர்.

நமக்கு என்ன?

பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கு இப்புலவரால் என்ன பயன் என்று கேட்கலாம். நம்மில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். குயின் வீதி மகா மாரியம்மன் ஆலயத்துக்குப் போகிறவர்களும், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் போகிறவர்களும், செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் நடந்து போகும் தொலைவிலேயே வாழும் ஊர் இது. பக்கத்தில் வாழ்வது எளிது. பக்கத்து வீட்டுக்காரர் தம் இறைவனிடம் எதற்காக அழுகிறார் என்று அறிவது கடினம். கிருஷ்ண பிள்ளையைப் படித்தால் அது சற்று விளங்கும்.

இன்னொரு பயனும் உண்டு. தமிழில் பாவம் என்னும் சொல்லுக்கு இரண்டு வழக்குகள் உண்டு. பாவி என்று சபிப்பதற்கும் அச்சொல்லே வேராகிறது. துன்பப்படுகிறவனைப் பார்த்து ஐயோ பாவம் என்று இரங்குவதற்கும் அதே சொல்லைத்தான் எடுக்கிறோம். தவறியவனைச் சபிப்பதும் இரங்குவதும் நம் கையில் இருக்கிறது. இணையத்திலும் விடுதியிலும் விரிவுரை மண்டபத்திலும் பிறர் பிழையைப் பிடித்து ஆடுவதற்கு நமக்கு நேரம் இருக்கிறது. அவன் முதுகில் இருக்கும் சுமையைப் பார்க்க நேரமில்லை. நம் முதுகைத் தடவிப் பார்க்கவோ நினைவே இல்லை.

கிருஷ்ண பிள்ளையின் காப்பியத்தை முழுவதும் படிக்க இயலாவிட்டாலும் குமார பருவத்தையேனும் நம் மாணவர்கள் ஒரு முறை படிக்க வேண்டும். மன்னிப்பு என்பது மன்னிப்பவருக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்பதை அத்தனை உருக்கமாகச் சொன்ன தமிழ்ப் பனுவல்கள் சிலவே. அதைப் படித்தவர், தம்மிடம் தவறு செய்த ஒருவரை நாளை மன்னிக்க நேரும் போது, அதை அற்பச் செயலாக நினைக்க மாட்டார். மன்னிப்பைப் பெற நேரும் போதும் அற்பமாகப் பெற மாட்டார்.